பழைய ஹீட்டர், சின்ன அறை, மலைக்குளிர்: வாசகர் கேள்வி பதில்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இந்தக் குளிருக்குப் புது ஹீட்டர் வாங்க வசதியில்லாமலோ, சும்மா கிடக்கிற பழையதை வீணாக்க மனமில்லாமலோ பலர் கைமாறிய ஹீட்டரைத் தேடுகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு தங்கும் விடுதியை மூடுகிறார்கள். ஃபேன் ஹீட்டர், ராடு ஹீட்டர், ஆயில் ஹீட்டர் மூன்றும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிற அறைக்கு ஆயில் ஹீட்டர்தான். சூடேற அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், கனன்று சிவக்கிற பாகம் எதுவும் வெளியே இல்லை. ராடு ஹீட்டர் எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சூடாக்குமே தவிர அறையை மெதுவாகத்தான் சூடாக்கும். கதவு திறந்தே கிடக்கிற கடைக்கு அது பொருத்தம். ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடு தரும், எடையும் குறைவு. ஆனால் பழையதாக வாங்க மூன்றிலும் மோசமானது அதுதான். உள்ளே உள்ள சின்ன மோட்டாரின் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) வறண்டு ஃபேன் மெதுவாகச் சுற்றினால், காற்று போதாமல் காயில் சிவந்து பிளாஸ்டிக் கூடு உருகத் தொடங்கும்.

வாங்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும், சின்ன டார்ச்சும், ஸ்குரூ டிரைவரும் கையில் இருக்கட்டும். முதலில் பிளக்கைப் பாருங்கள். பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்தாலும், பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலும், அது நாள்கணக்கில் சூடாகி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்காகவே ஹீட்டரை ஒதுக்க வேண்டாம். பிளக்கையும் ஒயரையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். எர்த் பின்னை வெட்டி எடுத்திருந்தால் அந்த ஹீட்டரை விட்டுவிடுங்கள். ஷாக் அடித்தோ பிரேக்கர் விழுந்தோ அதை யாரோ வெட்டியிருக்கலாம்.

பிறகு மீட்டர். ஹீட்டரின் சுவிட்ச், தெர்மோஸ்டாட் இரண்டையும் முழுதாகத் திருகிவிட்டு, பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். 230 வோல்ட்டுக்கு 2,000 வாட் என்றால் 26 ஓம், 1,000 வாட் என்றால் 53 ஓம், 400 வாட் ராடு ஒன்றுக்கு 132 ஓம் வர வேண்டும். ஒன்றிரண்டு ஓம் முன்பின் இருக்கலாம். இரண்டு மடங்கு காட்டினால் இரண்டு காயிலில் ஒன்று அறுந்திருக்கிறது. ஹாலோஜன் குழாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் ஓம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அடுத்து எர்த் பின்னுக்கும், பெயின்ட் இல்லாத உலோக ஸ்குரூ ஒன்றுக்கும் இடையே பாருங்கள்: அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக ஃபேஸ் பின்னுக்கும் ஹீட்டரின் உலோக உடலுக்கும் இடையே மீட்டரின் உச்ச அளவில் எதுவுமே காட்டக் கூடாது.

ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கால் மணி நேரமாவது முழு வாட்டில் ஓடட்டும். முதல் சில நிமிடம் தூசி கருகும் வாடை வருவது சகஜம். பிளாஸ்டிக் வாடையோ மீன் வாடையோ வந்தால் உள்ளே ஏதோ இணைப்பு தீய்கிறது. சாய்ந்தால் அணையும் சுவிட்ச் உள்ள மாடலாக இருந்தால் ஓடும்போதே லேசாகச் சாய்த்துப் பாருங்கள், உடனே அணைய வேண்டும். ஆயில் ஹீட்டரில் அடிப்பக்கத் துடுப்புகளின் தையலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வேண்டாம். அதை ஊற்றி நிரப்ப முடியாது, ஆலையிலேயே மூடி முத்திரையிட்டது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் வீட்டில் நிமிர்த்தி ஒரு மணி நேரமாவது விட்டு, எண்ணெய் கீழே இறங்கிய பிறகே போடுங்கள்.

ஃபேன் ஹீட்டரைத்தான் வாங்குவேன் என்றால், மூடியைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். காயில் பக்கத்தில், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு சின்ன வட்டத் தெர்மல் கட்-அவுட்டோ ஃபியூஸோ இருக்கும். அது போனதும் மாற்றாமல் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்துவிடுவது ரிப்பேர் கடைகளில் நடக்கிறது. அப்படி இணைத்த ஹீட்டர் நன்றாகவே ஓடும். ஃபேன் நின்றுபோகும் அன்றைக்குத்தான் தீப்பிடிக்கும்.

கேள்வி: 2,000 வாட் பழைய ஹீட்டர். பத்து நிமிடம் ஓடினால் பிளக் தொட முடியாத அளவு சூடாகிறது. பிரேக்கர் விழவில்லை. ஹீட்டர் என்றால் பிளக் சூடாவது இயல்புதான் என்கிறார் எலெக்ட்ரீஷியன். உண்மையா?
(வாசகர், குன்னூர்)

பதில்: இல்லை. வெதுவெதுப்பு வரை சரி. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த பிளக்கும் சாக்கெட்டும் இன்றோடு போதும்.

2,000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை ஸ்பிரிங் தளர்ந்து, பின்னை இறுக்கிப் பிடிக்காமல் போனால், அந்த இடத்தில் 0.3 ஓம் தடை வந்தாலே போதும்: 8.7 x 8.7 x 0.3, ஏறக்குறைய 23 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளக்குக்குள் செருகிவைத்த மாதிரி. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், செம்பு கறுக்கும், தடை ஏறும், சூடும் ஏறும். இது தானாக நிற்காது.

பிரேக்கர் ஏன் விழவில்லை? அது பார்ப்பது ஆம்பியரை மட்டும். தளர்ந்த இணைப்பில் ஆம்பியர் கூடுவதில்லை, சொல்லப்போனால் ஒரு துளி குறைகிறது. எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. ஹீட்டரால் வரும் தீ விபத்தில் இந்த ஒரு இடத்தைக் காப்பாற்ற வீட்டில் எந்தக் கருவியும் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறோம். உங்கள் கைதான் கருவி. கைமாறி வந்த ஹீட்டரை முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

சரிசெய்யும்போது பிளக்கை மட்டும் மாற்றினால் பயனில்லை. சூட்டில் இளகிப்போன பழைய ஸ்பிரிங் புது பிளக்கையும் ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். பிளக், சாக்கெட் இரண்டும் 16 ஆம்பியரில் புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும். 16 ஆம்பியர் பின்கள் தடிமனாக இருக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக விற்கிற கன்வெர்ட்டரை ஹீட்டருக்குத் தொடவே தொடாதீர்கள்.

ஒயரை நுனியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெட்டி எறிந்து, செம்பு பளபளவென்று தெரிகிற இடத்திலிருந்து இணைக்கச் சொல்லுங்கள். கறுத்த இழையை எவ்வளவு இறுக்கினாலும் தொடர்பு சரியாக வராது. இழைகளை முறுக்கி நேராக ஸ்குரூவில் இறுக்கலாம், அல்லது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்தலாம். நுனியில் ஈயம் பூசி இறுக்குவது மட்டும் கூடாது. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, சில மாதங்களில் ஸ்குரூ மறுபடி தளர்ந்துவிடும். எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது இழுத்தால் கடைசியாக அறுபடுவது அதுவாக இருக்க வேண்டும். பிளக்கின் வாயிலுள்ள கிளிப், ஒயரின் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் ஒயர்களை அல்ல.

ஒயரையே மாற்றுவதானால் மூன்று கோர் (உள்ளே மூன்று ஒயர்), 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஃபிளெக்ஸிபிள். சுவரில் அந்த சாக்கெட்டுக்கு வருகிற ஒயர் குறைந்தது இரண்டரை ஸ்கொயர் செம்பாக, போர்டிலிருந்து தனியாக வர வேண்டும். குன்னூரில் பழைய பங்களாக்களைப் பிரித்துக் குடியிருக்கும் வீடுகளில், லைட்டுக்கு இழுத்த ஒரு ஸ்கொயர் ஒயரிலேயே பவர் பிளக் வைத்திருப்பார்கள். சாக்கெட் புதிதாக இருந்தாலும் சுவருக்குள் சூடாகும். போர்டைத் திறந்து பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஒயர் எட்டவில்லை என்றால் ஹீட்டரை சாக்கெட் பக்கம் நகர்த்துங்கள். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதும் ஆபத்து. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. 10 அடிக்கு 10 அடி அறை, 9 அடி உயரம், மேலே தகரக் கூரை. 1,000 வாட் ஹீட்டர் இரவெல்லாம் ஓடியும் குளிர் போகவில்லை. ஹீட்டர் பழையது என்பதால் சூடு குறைந்துவிட்டதா?
(வாசகர், மஞ்சூர்)

பதில்: மின்சார ஹீட்டரில் சூடு தேய்வது என்று ஒன்றில்லை. ஓம் சரியாக இருந்தால் வாட் சரியாக இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் மட்டும் சூடு குறையும், அதுவும் வேகமாக: 200 வோல்ட்டில் உங்கள் 1,000 வாட் ஹீட்டர் 756 வாட்தான் தரும். அதற்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். ஹீட்டருக்குக் குறை வோல்டேஜால் கெடுதல் இல்லை.

பிரச்சினை கூரையில். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கூரை சுமார் 9.3 சதுர மீட்டர். வெறும் தகரம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டிகிரிக்கு 7 வாட் அளவில் சூட்டை வெளியே விடும். ஆக கூரை வழியாக மட்டும் 650 வாட். வெளியே பார்த்த இரண்டு செங்கல் சுவர்கள் 330 வாட்டுக்கு மேல். கதவடி, ஜன்னல், கூரை ஓரத்துச் சந்துகள் வழியே அறைக் காற்று மணிக்கு மூன்று முறை மாறினால் இன்னொரு 250 வாட். மொத்தம் 1,200 வாட்டைத் தாண்டுகிறது. 1,000 வாட் ஹீட்டரால் அந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தை எட்டவே முடியாது, இரவெல்லாம் ஓடினாலும்.

இன்னொரு ஹீட்டர் வாங்கும் காசை சீலிங்குக்குப் போடுங்கள். தகரத்துக்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டு ஜிப்சம் போர்டோ சிமென்ட் ஃபைபர் போர்டோ அடித்தால், கூரை வழி இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். தெர்மோகோல் மலிவு, ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ஹீட்டர் ஓடும் அறையில் மேலே வெறுமனே விடக் கூடாது. சேலையைக் கட்டுவதும் அப்படித்தான். கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனத்த திரை போடுங்கள். இவ்வளவும் செய்தால் அதே அறைக்கு 700 வாட் போதும். சமையலும் அதே அறையில் என்றால் காற்றுப் போக்கை முழுக்க அடைக்காதீர்கள். கேஸ் அடுப்புக்கு வெளிக்காற்று வேண்டும்.

கேள்வி: ஆயில் ஹீட்டர் கரண்ட் குறைவாக எடுக்கும் என்கிறார்களே? பில் எவ்வளவு வரும்?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டரில் போனாலும் ஒரே அளவு சூடுதான் தரும். ஆயில் ஹீட்டர் சிக்கனமாகத் தெரிவது தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்துப் போடுவதால். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள ஃபேன் ஹீட்டரும் அதையே செய்யும்.

1,000 வாட் தொடர்ந்து தினம் 4 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் கட்டணம் விழும். வழக்கமாக 300 யூனிட் ஓடும் வீடு ஹீட்டரால் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு அறையைச் சூடாக்கி, படுத்ததும் குறைந்த அளவுக்கு மாற்றிவிட்டு, காலடியில் சுடுதண்ணீர் பை வைத்துக்கொள்ளுங்கள். பலவகை ஆயில் ஹீட்டர்களில் 800, 1,200, 2,000 என்று மூன்று அளவுகள் இருக்கும்.

இதோடு ஒன்று: மின்சாரப் போர்வை சிக்கனம்தான், ஆனால் பழையதை வாங்காதீர்கள். மடித்து வைத்த இடத்தில் உள்ளே இழை முறிந்திருந்தால் வெளியே தெரியாது.

கேள்வி: ஹீட்டர் போட்டுத் தூங்கினால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்று மாமியார் கரி அடுப்பு வைக்கச் சொல்கிறார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது.
(வாசகி, ஊட்டி)

பதில்: கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே உயிர் போகும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, ராடு சிவந்து கனன்றாலும் அது ஆக்ஸிஜனை எடுப்பதில்லை. மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டிய பொருள்தான் வேறு.

ஹீட்டர் செய்வது காற்றை வறட்டுவது. 8 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூக்கும் தொண்டையும் காய்வது இதனால்தான். கிண்ணத்துத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். ஹீட்டரிலிருந்து எட்டத்தில் ஓர் ஈரத் துண்டைக் கொடியில் போட்டால் பலன் அதிகம். ஹீட்டர்மேல் துணியோ பாத்திரமோ வைக்கக் கூடாது. குழந்தை இருக்கும் அறைக்கு ஆயில் ஹீட்டர், தொட்டிலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி, 18 முதல் 20 டிகிரி போதும். ஃபேன் ஹீட்டரின் காற்று குழந்தைமேல் நேராக அடிக்கக் கூடாது. ராடு ஹீட்டரையும் ஃபேன் ஹீட்டரையும் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த பழைய ஹீட்டரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. எர்த்தைக் கழற்றிவிட்டால் ஓடுகிறது.
(வாசகர், வால்பாறை)

பதில்: கழற்றிய எர்த்தை இப்போதே திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் ஓடும்போது, கசியும் மின்சாரம் ஹீட்டரின் உடலில் காத்திருக்கிறது. தொடுகிறவர் உடல் வழியாகத் தரைக்குப் போகும்.

ஹீட்டர் குழாய்க்குள் காயிலைச் சுற்றி வெள்ளை மக்னீசியம் ஆக்ஸைடு பொடி நிரப்பியிருப்பார்கள். குழாயின் முனை அடைப்பு பழசாகிவிட்டால் அந்தப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசியவிடும். பிளக்கைக் கழற்றி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகரில் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. காய்ந்த பிறகும் ஏறவில்லை என்றால் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். ராடு ஹீட்டரில் ராடை மாற்றலாம், ஆயில் ஹீட்டரை மாற்றத்தான் வேண்டும். சோதிக்கும் முன் கீசரையும் கழற்றிப் பாருங்கள்: அது கொஞ்சம், இது கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்தும் விழவைக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் பயன்படுத்திய 1,500 வாட் ஹீட்டரைக் கொண்டுவந்திருக்கிறான். பின் மட்டும் மாற்றினால் போதுமா?
(வாசகர், குன்னூர்)

பதில்: போட்டுவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் போட்டால் கிட்டத்தட்ட 5,500 வாட் இழுக்கும், அதாவது 24 ஆம்பியர். பிரேக்கர் உடனே விழாவிட்டால் காயில் போகும், அதற்கு முன்பே கூடு உருகலாம். 2,000 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும். அந்தக் காசுக்கு இங்கே புது ஹீட்டரே வாங்கலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு 4 அடிக்கு 4 அடி தகர அறை. பழைய ராடு ஹீட்டர் ஒன்று இருக்கிறது, வைக்கலாமா?
(குடியிருப்போர் சங்கம், ஊட்டி)

பதில்: ராடு ஹீட்டரைச் சுற்றி மூன்றடி இடம் வேண்டும். நான்கடி அறையில் அது கிடைக்காது. அவர் கண்ணயர்ந்தால் கம்பளி நுனி ராடில் படும். சின்ன ஆயில் ஹீட்டர் 400 முதல் 800 வாட்டில் அங்கே தாராளம். தகர அறைக்கே தனியாக எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக இணைப்பு கொடுங்கள். மழையில் நனைந்த தகரத்தில் கசிவு வந்தால் அறை முழுக்க ஷாக் அடிக்கும். வீட்டிலிருந்து செடிகளுக்கு நடுவே இழுத்த லைட் ஒயர் இதற்கு ஆகாது. இரண்டரை ஸ்கொயர் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ஹீட்டர். காயிலுக்குப் பின்னால் வெள்ளையாக, அட்டை போலவும் பஞ்சு போலவும் இருக்கிறது. சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம்; அந்தக் கால ஹீட்டர்களில் அதையே வைத்தார்கள். சுரண்டவோ, பிரஷ் போடவோ, ஊதவோ செய்யாதீர்கள். நார்த்தூசி நுரையீரலில் தங்கிவிடும். ஃபேன் உள்ள மாடல் என்றால் போட்டும் பார்க்காதீர்கள், தூசியை அறை முழுக்க ஊதிவிடும். மின்சாரத்தில் இணைக்காமல், அந்த இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, கனத்த பிளாஸ்டிக் பையில் இரண்டடுக்காகச் சுற்றி ஒட்டி, பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் நகராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் விவரம் சொல்லிக் கொடுங்கள். கடைக்குப் போனால் அங்கே ஒருவர் அதை வெறும் கையால் உடைத்துப் பிரிப்பார்.

கேள்வி: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஹீட்டர் ஓடுமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. 900 வி.ஏ. இன்வெர்ட்டர் ஏறக்குறைய 700 வாட்தான் தாங்கும். 150 ஏ.ஹெச். பேட்டரியில் மொத்தம் இருப்பதே 1.8 யூனிட், 400 வாட் ராடு ஒன்றைப் போட்டாலும் சில மணி நேரத்தில் பேட்டரி காலியாகும், லைட்டும் போய்விடும். கரண்ட் போனதும் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நள்ளிரவில் கரண்ட் திரும்பும்போது, அதற்குள் ஹீட்டர்மேல் என்ன விழுந்து கிடக்கிறது என்று பார்க்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.